வெற்று வளையத்தைக் காட்டுங்கள்: சோல் 45 தட்டுகளோடு ஒன்பது வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு பழைய இசைத்தட்டின் இரண்டு படம் அனுப்பியிருந்தார். "இது ஒரிஜினலா, ரீஇஷ்யூவா? 180 பவுண்ட் சொல்றாங்க. வாங்கலாமா?" இரண்டு படத்திலும் தட்டின் நடுவில் உள்ள காகித லேபிள் மட்டும்தான் இருந்தது. முன்பக்க லேபிள் ஒன்று, பின்பக்க லேபிள் ஒன்று. பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

மான்செஸ்டருக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் அறுபதுகளின் அமெரிக்க சோல் (அங்குள்ள கறுப்பினத்தவரின் இசை) சிங்கிள்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். இப்போது நானூறு தட்டுக்குப் பக்கம் இருக்கும். சிங்கிள் அல்லது 45 என்பது நிமிடத்துக்கு 45 முறை சுழலும், பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு இசைத்தட்டு. பாட்டு முதலில் வெளிவந்தபோது அழுத்தியது ஒரிஜினல், பிற்பாடு மறுபடி வெளியிட்டது ரீஇஷ்யூ. நேராக எனக்கு அடிபட்ட இடத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் வருடம், அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளை இங்கிலாந்தில் வெளியிட்ட டாம்லா மோடவுனின் தட்டு ஒன்றை 55 பவுண்டுக்கு வாங்கினேன். இங்கிலாந்தில் 1966-இல் வெளிவந்த முதல் பிரெஸ்ஸிங் (முதல் முறை அழுத்தியது) என்றார் விற்றவர். கறுப்பு லேபிள், வெள்ளி எழுத்து, டாம்லா மோடவுன் தட்டுகளுக்கான டி.எம்.ஜி. வரிசை எண்ணும் சரி. ஒலிப்பதிவு முதலில் வெளியான வருடம் 1966 என்று லேபிளிலேயே அச்சாகியிருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வீட்டில் அதே தட்டைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. லேபிளின் விளிம்பைச் சுற்றி ஓடும் பொடி எழுத்தில் அவருடையது 'தி கிராமஃபோன் கம்பெனி' என்றது. என்னுடையது 'இ.எம்.ஐ. ரெக்கார்ட்ஸ்' என்றது. தட்டைத் தயாரித்த நிறுவனத்தின் அந்தப் பெயர் மாற்றம் நடந்தது 1973-இல். கடைக்காரர் எந்த விலைக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்லும் வரி ஒன்றும் அவர் லேபிளில் இருந்தது. 1969 வாக்கில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். என்னுடையதில் அது இல்லை. ஆக, 1966 என்பது பாட்டு வெளியான வருடம். என் தட்டை அழுத்தியது எழுபதுகளில்.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியாத ஒன்றை அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே, அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகுதான் லேபிளை விட்டு, அதை ஒட்டியுள்ள வெற்று வளையத்தைப் பார்க்கப் பழகினேன். டெட் வேக்ஸ் என்று சொல்வார்களே, பாட்டு முடிந்து ஊசி உள்ளே ஓடும் அந்தப் பளபளப்பான இடம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான், பாட்டுகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்ன டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்துகள் எழும்பி வரும். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலையில் அழுத்திய தட்டென்றால் ஒரு சின்ன முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் கீறியிருக்கும். பின்பக்கத்தில் அதே எண்ணோடு ஓர் எக்ஸ். அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனவை. அதனால் தட்டை அழுத்தும் உலோக அச்சு எந்தக் காலத்தில் தயாரானது என்று ஓரளவு கணக்கிடலாம். மிச்சிகனின் ஒவாசோ என்ற சிற்றூரில் இருந்த ஆலையின் தட்டென்றால் ஆலையின் முதலெழுத்துகளான ஏ.ஆர்.பி. பின்னிக்கொண்டு ஒரே முத்திரையாக இருக்கும். பழைய மோடவுன் தட்டுகள் பலவற்றில் அதைப் பார்க்கலாம். நியூயார்க்கின் பெல் சவுண்ட் ஸ்டூடியோவில் மூலத்தட்டை வெட்டியதென்றால் ஸ்டூடியோவின் பெயரே குத்தியிருக்கும், சில சமயம் வெட்டிய பொறியாளரின் முதலெழுத்துகள் கையெழுத்தில் பக்கத்தில் இருக்கும். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் குனிந்து உட்கார்ந்து கீறிய எழுத்து அது. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் வேறு மாதிரி இருந்தால் ஒன்று போலி என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அட்லாண்டிக் நிறுவனத் தட்டின் லேபிளில் பாட்டின் எண்ணுக்குப் பின்னால் எம்.ஓ. என்றிருந்தால் மோனார்க் ஆலை, பி.எல். என்றால் மெம்ஃபிஸின் பிளாஸ்டிக் புராடக்ட்ஸ் ஆலை, எஸ்.பி. என்றால் பென்சில்வேனியாவின் ஸ்பெஷாலிட்டி ஆலை. மூன்று ஊரில் அழுத்திய மூன்றும் ஒரிஜினலாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கோண எண் அச்சின் வயதைத்தான் சொல்லும். அதே அச்சை வைத்துப் பிறகு அழுத்தினாலும் எண் மாறாது. அதனால் அதுவும் முழுச் சான்று இல்லை. ஆனால் கள்ளத்தட்டைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முத்திரை குத்தியிருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஆணியால் கீறியதுபோல எண் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வடக்கு இங்கிலாந்தில் இது வெறும் காசு விஷயம் இல்லை. விகன் கேசினோ என்ற நடன அரங்கில் 1973 முதல் 1981 வரை சோல் இரவுகள் நடந்த காலத்தில், அமெரிக்காவில் விற்காமல் போன பாட்டுகளுக்கு இங்கே விடியவிடிய ஆடினார்கள். கிடைக்காத தட்டுக்கு ஆசை பெருகியதும் கள்ளத்தட்டும் பெருகியது. ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' 1965-இல் மோடவுனின் 'சோல்' என்ற துணைப் பெயரில் மாதிரிப் பிரதி அழுத்தி, வெளியிடாமலே கைவிடப்பட்டது. மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே அது எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் கள்ளத்தட்டாகத்தான் முதலில் பரவியது. டாம்லா மோடவுன் முறையாக வெளியிட்டது 1979-இல்தான். 2009-இல் ஒரிஜினல் ஒன்று 25,742 பவுண்டுக்கு விலைபோனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துக் கள்ளத்தட்டுகளுக்கே இப்போது ஐம்பது வயது. லேபிள் பழுத்திருக்கும், உறை கிழிந்திருக்கும். பழசாகத் தெரிவது எதற்கும் சான்றில்லை.

லேபிளில் நான் பார்ப்பது ஒன்றுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால் அறுபதுகளில் அச்சடித்த லேபிளில் நிறம் பெரும்பாலும் சீராகப் பரவியிருக்கும், எழுத்து கூர்மையாக நிற்கும். ஸ்கேன் செய்து அடித்த லேபிளில் புள்ளி புள்ளியாகத் தெரியும், எழுத்தின் ஓரம் கரைந்திருக்கும். அப்புறம் காது. ஒரு தட்டைப் போடும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கிறது, அந்த இடத்தில் கீறலோ தூசியோ இல்லை என்றால், அது வேறொரு தட்டின் கீறலாக இருக்கலாம். அந்தத் தட்டிலிருந்து படியெடுத்திருப்பார்கள்.

என் தீராத எரிச்சல் இதுதான். வளையத்தில் இருக்கும் இவ்வளவும் ஒரு படத்தில் தெரியும், ஆனால் அந்தப் படத்தை மட்டும் யாரும் போடுவதில்லை. லேபிளுக்கு நாலு படம், உறைக்கு இரண்டு படம், வளையத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால் சிலர் பதிலே போடுவதில்லை. சிலர் "முப்பது வருடமாக விற்கிறேன்" என்கிறார்கள். டார்ச் அடித்துப் படம் எடுக்க அரை நிமிடம் ஆகும். 180 பவுண்ட் கேட்கிறவர் அந்த அரை நிமிடத்தை எனக்குத் தர வேண்டாமா?

ரீஇஷ்யூக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உரிமம் வாங்கி முறையாகப் போடும் நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. வினைலில் வருகிறது, சத்தமில்லாமல் ஓடுகிறது. என் ஒரிஜினல்களில் பாதிக்கு மேல் ஸ்டைரீன். அது வார்த்தெடுக்கும் மலிவான பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், லேபிள் மேலே ஒட்டியிருக்கும். ஊசி பட்டுப் பட்டுச் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஒன்பது வருடத்தில் நான் அதிகம் விரும்பிப் போட்ட ஐந்தாறு தட்டுகளில் இப்போது பாட்டோடு இரைச்சலும் கேட்கிறது. போட்டுப் போட்டுத் தேய்த்தது நானேதான். அவற்றின் ரீஇஷ்யூவை வாங்கி வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்கிறேன். ஒரிஜினலை எடுத்து வளையத்தை மட்டும் பார்த்துவிட்டு உறையில் போடுகிறேன்.

சரி, நண்பரின் தட்டுக்கு வருவோம். 1967-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து கூர்மை. புள்ளி இல்லை. லேபிள் ஒட்டியதுபோலத்தான் தெரிகிறது, அதனால் ஸ்டைரீனாக இருக்கும், அந்த ஊருக்கு அது பொருந்துகிறது. விலையும் நியாயம்தான். பத்துக்கு எட்டுப் பங்கு ஒரிஜினல் என்றே சொல்வேன்.

ஆனாலும் வாங்காதீர்கள். வளையத்தின் படம் கேட்டதற்கு "லேபிளே போதுமே" என்று பதில் வந்ததாகச் சொன்னீர்கள். அந்த ஒரு பதிலுக்காகவே வேண்டாம் என்கிறேன். அதே பாட்டின் முறையான ரீஇஷ்யூ பன்னிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி மனசாரக் கேளுங்கள்.

ஒருவேளை அவர் மனம் மாறி, டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பினால், அதில் அந்தச் சின்ன முக்கோணம் தெரிந்தால், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எனக்குப் போன் பண்ணுங்கள்.