ஸ்கூலுக்கு லேசர் கட்டர் வாங்குறீங்களா? "40 வாட்"னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க

ஸ்கூல் லேபுக்கு லேசர் கட்டர் பாத்துட்டு இருக்கவங்க கொஞ்சம் நின்னு படிச்சிட்டுப் போங்க. நான் ஈரோடு பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல லேப் இன்சார்ஜ். "40 வாட் லேசர் கட்டிங் மெஷின், எஜுகேஷனல் மாடல்"னு ஒரு லட்சத்துக்கு மேல கொட்டேஷன் போட்டு, பாதிப் பணத்த அட்வான்ஸா வாங்கிட்டு எங்க தாளாளர் தலையில ஒரு டீலர் கட்டிட்டாரு. ப்ரோஷர்ல கண்ணாடி மூடி போட்ட பெரிய பெட்டி. வந்து இறங்குனது நாலு அலுமினிய சட்டம், நடுவுல இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுற ஒரு சின்ன டையோடு லேசர், அவ்ளோதான். மூடி எங்க சார்னா "அது ஆப்ஷனல் மேடம்"ங்குறாரு.

அந்த 40 வாட் கதையக் கேளுங்க. லேசர் மாட்யூல் ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல போட்டிருக்கு, 40ங்கிறது அது இழுக்குற கரண்ட் கணக்கு, வெளிய வர்ற லேசர் வெறும் 5.5 வாட். 3 எம்எம் ப்ளைவுட்ட வெட்டவே ஒரே கோட்டுல திரும்பத் திரும்ப ஓட்டணும், ஓரமெல்லாம் கரி. அதுவும் 450 நானோமீட்டர் பக்கம் வர்ற நீல லேசர், க்ளியர் அக்ரிலிக்ல அது பாட்டுக்கு உள்ள புகுந்து கீழ போயிடும், கீறல் கூட விழாது. நாங்க மெஷின் கேட்டதே பசங்க மாடலுக்கு க்ளியர் அக்ரிலிக் வெட்டத்தான், அதுக்கு சிஓ2 லேசர் (கார்பன் டை ஆக்சைடு வாயுல ஓடுறது) வேணும். டெமோவுக்கு கருப்பு அக்ரிலிக்கா பொறுக்கிட்டு வந்த சூட்சுமம் இதுதான்!

காசு போனது கூட பரவால்லைங்க. மூடி இல்லாத இந்த ரகம் கிளாஸ் 4 லேசர், அதாவது ஆபத்துல உச்ச வகை. நேரா பாக்கணும்னு இல்ல, பளபளன்னு இருக்குற எதுலயாவது பட்டுத் தெறிச்சாலே கண்ணுக்கு ஆபத்து. ஒரு வகுப்புல 40 பசங்க, கூட வந்த கண்ணாடி ஒண்ணே ஒண்ணு. பச்சை ப்ளாஸ்டிக். எந்த அலைநீளத்துக்கு, எவ்ளோ "OD" (லேசர எவ்ளோ தடுக்கும்ங்கிற அளவு)ன்னு அதுல அச்சடிச்சிருக்கணும், ஒண்ணுமே இல்ல.

இதுல டெமோவுக்கு வந்த பையன் கருப்பு ரெக்சின் துண்ட வச்சு "கீசெயின் பண்ணலாம் மேடம், சன்போர்டு கூட வெட்டும்"னு ஆரம்பிச்சிட்டான், ப்ரொஜெக்டர் போட்டதால ஜன்னலெல்லாம் சாத்தி வேற இருந்துச்சு. ரெண்டும் பிவிசி. எரிஞ்சா வர்றது ஹைட்ரஜன் குளோரைடு, ஈரம் பட்டா ஆசிட், தொண்டையையும் அரிக்கும் மெஷினோட கம்பியையும் அரிக்கும். முன் பெஞ்சு பசங்க இரும ஆரம்பிச்சதும் நான் ப்ளக்கையே புடுங்கிட்டேன்.

மாத்திக் குடுங்கன்னு சண்டை போட்டதுக்கு "டிஃபரன்ஸ் கட்டுங்க, சிஓ2 தர்றோம், சில்லரும் ஃப்ரீ"ன்னாரு. சிஓ2 லேசர் ட்யூப்ப தண்ணி ஓட்டிக் குளிர வைக்கணும், அதுக்குத்தான் சில்லர். மாடல் நம்பர் கேட்டா சிடபிள்யூ-3000. பேருதான் சில்லர், உள்ள கம்ப்ரஸரே கிடையாது, ஃபேனும் ரேடியேட்டரும்தான். ரூம் சூட்டுக்குக் கீழ தண்ணி குளிராது. ஈரோட்டு ஏப்ரல் மே வெயில்ல லேசர் ட்யூப் என்னத்துக்காகும்?

அதனால யார் வந்தாலும் லேசர் அவுட்புட் எத்தன வாட்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, மூடியத் திறந்தா லேசர் தானா நிக்குதான்னு ஓட்டிப் பாருங்க, எக்ஸாஸ்ட் குழாய் ஜன்னலுக்கு வெளிய போற மாதிரி வருதான்னு கேளுங்க, டெமோவுக்கு அவங்க பொருள விட்டுட்டு உங்க அக்ரிலிக்க வைங்க. பில்லுல வெறும் "லேசர் மெஷின் வித் அக்சஸரீஸ்"னு போட்டிருந்தா கையெழுத்தே போடாதீங்க, எங்களுக்கு அதைக் காட்டித்தான் ரீஃபண்ட் இல்லைங்குறாங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல கம்ப்ளைன்ட் பதிஞ்சாச்சு. பாக்கிப் பணம் குடுக்க முடியாதுன்னு தாளாளரும் லெட்டர் போட்டுட்டாரு, மெஷின் இப்ப ஸ்டோர் ரூம்ல. போன வாரம் அதே ப்ரோஷர் பக்கத்து ஊர் ஸ்கூலுக்கும் போயிருக்காம், அங்க வேலை பாக்குறவங்க யாராவது இருந்தா அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, ஸ்டிக்கர் ஃபோட்டோ அனுப்புறேன்.