ரெங்கம் தோட்டத்து மண்ணில் மவுண்டன் பைக்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

குளிர்நாடுகளில் ஜனவரி வந்தால் காட்டுப் பாதை உறைந்து இறுகிவிடும். அங்குள்ளவர்கள் சின்ன உலோக ஆணிகள் பதித்த டயரை மாட்டிக்கொண்டு, வெயில் ஏறித் தரை இளகுவதற்குள் ஓட்டி முடிக்கிறார்கள். மலேசியாவின் ஜொகூரில் அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. நமக்குத் தரை இறுகுவதே இல்லை. பைக் வாங்கும்போது இந்த மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள அலுமினிய ஹார்ட்டெயில், 29 அங்குலச் சக்கரம். ஃபிரேமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, உறுதியாக இருக்கிறது. பேச வேண்டியது தேய்கிற பாகங்களைப் பற்றி.

மண்ணைப் புரிந்துகொண்டால் மீதி விளங்கிவிடும். மண் ஆய்வாளர்கள் ரெங்கம் என்று நம் ஊர் பெயரிலேயே ஒரு மண் வகையைக் குறிப்பிடுகிறார்கள். கிரானைட் பாறை சிதைந்து உண்டானது. களியும் உண்டு, கரடான குவார்ட்ஸ் மணலும் உண்டு. ஈரத்தில் களி டயரில் அப்பிக்கொள்ளும். மணல் செயினுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் புகுந்து அரைக்கும். வண்டியோடு வந்த ரெசின் (பிசின் கலந்த மென்மையான) பிரேக் பேட் அடைமழை வாரங்களில் கண்ணெதிரே கரைந்துபோனது. உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்த சின்டர்டு மெட்டல் பேடுக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. கொஞ்சம் கத்தும், ஆனால் சேற்றில் நெடுநாள் உழைக்கும். வாங்குமுன் பேட் கவ்வும் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய்தான். உலர் காலத்து எண்ணெய் ஒரே மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஈர எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் துடைத்தே ஆக வேண்டும். சோம்பலாக இருந்தாலும் இதை விடாதீர்கள். 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுகிறேன். அதனால் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான, விலை கூடின கேசட் பிழைத்திருக்கிறது.

டயர்தான் இங்கே எல்லாம். அகலமான டயர் சேற்றில் நல்லது என்பார்கள், எனக்கு 2.3 அங்குலம்தான் சரியாக வந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடைவெளி இருந்தால்தான் களி அடைக்காமல் சக்கரம் சுழலும். டயர் மேலுள்ள ரப்பர் கட்டைகள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும். காற்றழுத்தம் என் எடைக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ.

இன்னொரு தொல்லை தோட்டத்துச் செம்பனை (பாமாயில் மரம்) மட்டையின் முள். வெட்டிய மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் அடுக்கியிருப்பார்கள். மற்ற வரிசைதான் பழம் வெட்டுபவர்களின் பாதை. அந்தப் பாதையிலும் முள் சிதறிக் கிடக்கும். டியூப் போட்டு ஓட்டினால் பம்ப்பும் கையுமாகத்தான் திரிய வேண்டும். டியூப்லெஸ்ஸுக்கு மாறியதுதான் நான் செய்த நல்ல செலவு. உள்ளே ஊற்றும் சீலன்ட்டில் பெரும்பாலானவை ரப்பர் பாலில் செய்தவை. நம் பெரியவர்கள் சீவிய அதே பால் டயருக்குள் போய் ஓட்டையை அடைக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஊற்றுங்கள்.

அப்புறம், தோட்டம் வேலை நடக்கிற இடம். ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லாமல் நுழையாதீர்கள். வெட்டு நடக்கிற பக்கம் போகவே கூடாது. குலை விழுந்தால் ஹெல்மெட் தாங்காது. பெருமழை பெய்த மறுநாள் நான் தோட்டத்துக்குள் போவதில்லை. டயர் கீறிய தடத்தில் தண்ணீர் ஓடிப் பாதை அரிக்கும், பிறகு அதில் பழ வண்டி தள்ளுகிறவர்தான் அவதிப்படுவார்.

பெரும்பாலும் தார்ச்சாலையில் குளுவாங் வரை போய்வருகிறவருக்கு இந்த டயரைச் சொல்லமாட்டேன். இரைச்சல் அதிகம், மிதிக்கவும் கனம், கட்டைகளும் வீணாகத் தேயும்.