சாட்டின் தலகாணி உறை: மூணு வருஷம் யூஸ் பண்ண பிறகு சொல்றேன்

எனக்கு சுருட்ட முடி. காலைல எந்திரிச்சா பின்னந்தலைல ஒரே சிக்கு, சீப்பு போட்டா கண்ணுல தண்ணி வரும். ஃபிரெண்ட் ஒருத்தி சொல்லித்தான் சாட்டின் உறை ரெண்டு வாங்குனேன், மூணு வருஷம் ஆச்சு. முடி கொட்டுறது நிக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, எனக்கு நிக்கல. ஆனா சிக்கு பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு, அது நிஜம்.

வாங்கும்போது நான் சாட்டின்னா பட்டுல ஒரு வகைன்னு நெனச்சிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து லேபிள பாத்தா 100% பாலியஸ்டர். கடைக்காரர் ஏமாத்திட்டார்னு ஒரு வாரம் கோவம், அப்புறம்தான் புரிஞ்சுது சாட்டின்ங்கறது நூலோட பேரே இல்ல, நெசவோட பேரு. சாதா நெசவுல பாவு நூல் (நீளவாக்குல ஓடுறது) ஊடு நூலுக்கு (குறுக்க ஓடுறது) ஒண்ணு மேல ஒண்ணு கீழனு போகும்ல, இதுல நாலு ஊடு நூல், இல்ல ஏழு ஊடு நூலத் தாண்டி மேலயே மிதந்து போய் ஒரு தடவதான் கீழ இறங்கும். அப்படி நீளமா மிதக்குற நூல்ல வெளிச்சம் படறதாலதான் ஒரு பக்கம் பளபளப்பு, பின்பக்கம் மங்கல். பட்டுலயும் நெய்யலாம், பாலியஸ்டர்லயும் நெய்யலாம். காட்டன்ல ஊடு நூல் மேல தெரியற மாதிரி நெய்தா சாட்டீன்னு சொல்வாங்க.

அந்த மிதக்குற நூல்தான் இதோட பலவீனமும். ரெண்டாவது மாசமே என் மோதிரம் மாட்டி ஒரு இழை வெளிய வந்துச்சு, நான் அவசரத்துல பிடிச்சு இழுத்துட்டேன், உறை நடுவுல கோடு விழுந்து சுருங்கிப் போச்சு, இன்னைக்கும் அப்படியே இருக்கு. இழுக்கவே கூடாது, ஊசிய வச்சு மெதுவா பின்பக்கம் தள்ளி விட்டுரணும்.

பேரு எங்கருந்து வந்துச்சுன்னு தேடுனப்போதான் எனக்கு சிலிர்த்துருச்சு. சீனால குவான்சோனு ஒரு துறைமுகம், அரபு வியாபாரிங்க அத ஜைத்தூன்னு கூப்பிட்டாங்க, அங்கருந்து போன துணி ஜைத்தூனி, அதுதான் ஐரோப்பா போய் சாட்டின் ஆச்சுன்னு சொல்றாங்க. அரபுல ஜைத்தூன்னா ஆலிவ், ஆனா 14ஆம் நூற்றாண்டுல அங்க போன இபின் பதூதாங்கற பயணி இந்த ஊர்ல ஆலிவே இல்லன்னு எழுதிருக்கார். ஊரச் சுத்தி இருந்தது சித்தோங் மரம், அந்தப் பேருதான் அரபு வாயில ஜைத்தூன் ஆயிருக்கணும். சித்தோங்னா வேற எதுவும் இல்லங்க, நம்ம கல்யாண முருங்கை! சளி பிடிச்சா அம்மா இலைய அரைச்சு அடை சுட்டுத் தருவாங்களே, அதே முள்ளு மரம். அதே ஊர்ல நம்ம ஆளுங்க சிவன் கோயில் கட்டி 1281ல தமிழ்க் கல்வெட்டும் வச்சிருக்காங்க. அவங்க ஊருக்குத் திரும்புற கப்பல்ல இந்தத் துணியும் வந்திருக்கும்னு நெனச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்கு.

சரி, உறைக்கு வரேன். பாலியஸ்டர் சாட்டின் மார்கழி, தை மாசத்துல சொகமா இருக்கும், சித்திரை வந்தா வேர்வைய உறிஞ்சவே உறிஞ்சாது, கன்னத்துல பிசுபிசுன்னு ஒட்டும். கரண்ட் போன ராத்திரி சொல்லவே வேணாம். தலகாணி வேற வழுக்கி கட்டிலுக்குக் கீழ போயிரும், ஜிப் வச்சதோ, வாய உள்ள மடிக்கிற உறையோ பாத்து வாங்குங்க. தேங்கா எண்ண வச்சுட்டுப் படுத்தா கறை பிடிக்கும், நான் பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்சு எடுத்துருவேன். வாஷிங் மெஷின்னா வலைப் பைக்குள்ள போட்டு, ஹூக் வச்ச ஜாக்கெட் கூட போடாம துவைக்கணும். அயர்ன் பண்ணா பின்பக்கம், கொறஞ்ச சூடு.

போன வருஷம் காட்டன் சாட்டீன் ஒண்ணு வாங்குனேன். பளபளப்பு கம்மி, வழுவழுப்பும் கொஞ்சம் கம்மி, ஆனா வெயிலுக்கு அதுதான் தாங்குது. சென்னை மாதிரி ஊர்ல இருக்கறவங்க நேரா அதுக்கே போயிருங்க. என் பாலியஸ்டர் உறை இப்ப பீரோல மடிச்சு இருக்கு, கார்த்திகை பொறந்ததும் எடுப்பேன்.