பச்சைப் பொடியா, சிப்பி ஓடா?

கார்பனேட்டைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஆக்சைடு மிஞ்சும். இதை வகுப்பில் செய்துகாட்ட எதை எடுப்பது? குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று சிப்பி ஓடுதான் நினைவுக்கு வரும். குளச்சல், கடியபட்டணம் பக்கம் காசில்லாமல் கிடைக்கும். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆனாலும் என் வாக்கு பச்சைப் பொடியான காப்பர் கார்பனேட்டுக்கு.

கால்சியம் கார்பனேட் முறையாகச் சிதைய 900 டிகிரி செல்சியஸ் பக்கம் போக வேண்டும். சாதாரணச் சோதனைக் குழாய் அதற்கு முன்பே இளகி வளைந்துவிடும். ஸ்பிரிட் விளக்கில் ஓட்டுத்தூளை எவ்வளவு நேரம் பிடித்தாலும் முடி கருகும் நாற்றம்தான் மிச்சம். ஓட்டுக்குள் இருக்கும் புரதம் தீய்வது அது. தூள் கறுத்ததும் "ரியாக்‌ஷன் ஆயிட்டு சார்" என்பார்கள் பிள்ளைகள். ஆகியிருக்காது.

காப்பர் கார்பனேட் 300 டிகிரிக்குள்ளேயே பச்சையிலிருந்து கறுப்பாகிவிடும். கடைசி பெஞ்சுக்கும் தெரியும். ஆய்வகப் பொடியில் ஹைட்ராக்சைடும் சேர்ந்திருப்பதால் நீராவியும் வரும். குழாயின் வாயைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். துளி பின்னோக்கி ஓடிச் சூடான கண்ணாடியில் பட்டால் விரிசல்தான். வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல் கலங்கும். விளக்கை அகற்றும் முன் வாயுக்குழாயை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர் மேலேறி உள்ளே பாயும்.

ஜிங்க் கார்பனேட்டும் 300 டிகிரி வாக்கில் சிதையும். ஆனால் ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகவும் ஆறியதும் வெள்ளையாகவும் இருப்பதால், அந்த நிறமாற்றத்தையே வேதிவினை என்று எழுதிவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு நல்ல விளையாட்டு, பத்துக்கு வேண்டாம். சோடியம் கார்பனேட் இந்தச் சூட்டுக்கெல்லாம் மசியாது. சலவை சோடாவிலிருந்து தண்ணீர்தான் போகும். ஒப்பிட்டுக் காட்ட அது ஒரு குழாயில் இருக்கட்டும். லெட் கார்பனேட் நஞ்சு, தொடவே வேண்டாம்.

சிப்பி ஓட்டுக்கு உரிய இடம் சூளை. கரி நெருப்பும் காற்றோட்டமும் சேர்ந்தால்தான் வாயு விலகி, 100 கிராம் கார்பனேட்டுக்கு 56 கிராம் நீறாத சுண்ணாம்பு தேறும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும்; அந்தச் சூட்டை வகுப்பறையில் நாம் காட்ட வேண்டியதில்லை. நீறிய சுண்ணாம்பே வெற்றிலைக் கடையில் கிடைக்கிறது. ஒரு கரண்டியை வடிநீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடித்து மூடி வையுங்கள். திறந்துவைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே மேலே வெள்ளை ஆடை கட்டிவிடும். மறுநாள் காப்பர் கார்பனேட் விடும் வாயுவைச் சோதிக்க அந்த நீரே போதும்.