கிங்டம் ஆஃப் ஹெவன்: 144 நிமிடப் படமா, 194 நிமிடப் படமா?

சிலுவைப் போர் பற்றி நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், ரிட்லி ஸ்காட் எடுத்த கிங்டம் ஆஃப் ஹெவன் என்றுதான் சொல்வேன். சொன்ன கையோடு, உங்களிடம் இருப்பது எத்தனை நிமிடப் படம் என்றும் கேட்டுவிடுவேன். 2005 மே மாதம் திரையரங்குக்கு வந்தது 144 நிமிடம். அடுத்த ஆண்டு டிவிடியில் வந்த இயக்குநர் பதிப்பு, முன்னிசை, இடைவேளை எல்லாம் சேர்த்து 194 நிமிடம். சில காட்சிகளைக் கூடுதலாக ஒட்டிவைத்த பதிப்புதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் சின்னப் படத்தில் ஒரு குழந்தையையே காணோம்.

ஜெருசலேம் அரசன் நான்காம் பால்ட்வினின் தங்கையாக வருகிறாள் சிபில்லா. (உண்மையில் அவள் அக்கா.) 144 நிமிடப் படத்தில் ஈவா கிரீன் அழகாக வந்து போகிறார், நாயகன் பேலியனைக் காதலிக்கிறார், அண்ணன் இறந்ததும் தனக்குப் பிடிக்காத கணவன் கீ என்பவனின் தலையில் கிரீடத்தை வைக்கிறார், பிறகு திடீரென்று தலைமுடியை வெட்டிக்கொண்டு காயம்பட்டவர்களுக்கு நடுவே நிற்கிறார். ஏன் என்று புரியாது. எனக்கும் முதல்முறை பார்த்தபோது புரியவில்லை, கதாபாத்திரத்தைச் சரியாக எழுதவில்லை என்றுதான் நினைத்தேன்.

நீண்ட பதிப்பில் அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். மாமனுக்குப் பிறகு அவன்தான் ஐந்தாம் பால்ட்வின் என்ற பெயரில் அரசன். சின்னப் பையன், ஓலைக்கு முத்திரை வைத்துக்கொண்டிருக்கிறான், உருகிய அரக்கு கையில் சொட்டுகிறது. அவன் கையை இழுக்கவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் தாய் அதைப் பார்க்கிறாள். அண்ணனை விரல் விரலாகத் தின்ற தொழுநோய் மகனுக்கும் வந்துவிட்டது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு தோட்டத்தில், பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, தன் கையாலேயே அவன் காதில் நஞ்சை ஊற்றுகிறாள். இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அந்த வெட்டிய முடிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வரலாற்றில் அந்தச் சிறுவன் 1186-இல் இறந்தான், எட்டு ஒன்பது வயதிருக்கும். அவனுக்குத் தொழுநோய் இருந்ததாகவோ, தாய் கொன்றதாகவோ ஆதாரம் கிடையாது. ஆனால் அந்த அரக்குக் காட்சியைப் பார்க்கும்போது இன்னொரு உண்மைச் சம்பவம் நினைவுக்கு வருகிறது. மாமன் நான்காம் பால்ட்வினின் ஆசிரியராக இருந்த தீரு நகரத்து வில்லியம் எழுதிவைத்திருக்கிறார்: பிள்ளைகள் விளையாட்டாக ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கிள்ளிக்கொள்வார்கள், மற்றவர்கள் கத்துவார்கள், இவன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நிற்பான், பொறுமைசாலி என்று முதலில் நினைத்தாராம். பிறகுதான் அந்தக் கைக்கு உணர்ச்சியே இல்லை என்று தெரிந்தது. அந்த மாமனின் கதையைத்தான் படம் மருமகனிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

பேலியனுக்கும் இதே நிலைதான். சின்னப் படத்தில் ஒரு கிராமத்துக் கொல்லன் கோபத்தில் ஒரு பாதிரியாரைக் கொன்றுவிட்டுக் கிளம்புகிறான், கடைசியில் ஜெருசலேம் மதிலுக்கு வெளியே தூரம் அளந்து, அடையாளத்துக்கு வெள்ளைக்கல் போட்டு, கல்லெறி பொறிகளைக் குறிபார்த்து இயக்குகிறான். இதெல்லாம் எங்கே கற்றான்? நீண்ட பதிப்பு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, முன்பே போருக்குப் போய் முற்றுகைப் பொறிகள் செய்த ஆள் அவன். அந்தப் பாதிரியார் அவனுடைய சகோதரன் என்பதும் அதில்தான் தெரியவருகிறது. அதனால் அந்தக் கொலைக்கே கனம் கூடிவிடுகிறது.

சரி, நீண்டது எல்லா இடத்திலும் மேல் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் கீயும் பேலியனும் வாள் எடுத்து மோதும் சண்டை அதில் இருக்கிறது. நகரமே சரணடைந்து, மக்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிய பிறகு எதற்கு இந்தச் சண்டை? திரையரங்குப் படத்தில் அதை வெட்டியது நல்ல முடிவு. ஆர்லாண்டோ ப்ளூம் பேலியனாகக் கொஞ்சம் இலேசாகத்தான் தெரிகிறார், கூடுதல் ஐம்பது நிமிடம் அதை மாற்றிவிடவில்லை.

இரண்டிலும் குறையாமல் இருப்பவை இரண்டு. வெள்ளி முகமூடிக்குள்ளிருந்து குரலையும் கண்ணையும் மட்டும் வைத்து எட்வர்ட் நார்ட்டன் நடித்த தொழுநோய் அரசன் (முகமூடி படத்தின் கற்பனை). இன்னொருவர் ஜெருசலேமை முற்றுகையிடும் முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீனாக வரும் சிரியா நாட்டு நடிகர் கசான் மசூத். நகரைப் பிடித்தபின் அரண்மனைக்குள் நடந்து வருகிறார், கீழே விழுந்து கிடக்கும் ஒரு சிலுவையை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறார். வசனமே இல்லை.

வரலாறு மட்டும் வேண்டும் என்றால் இரண்டு பதிப்பும் ஒரே மாதிரி தவறு செய்கின்றன. உண்மையான பேலியன் கொல்லன் அல்ல, அங்கேயே பிறந்து வளர்ந்த பிரபு, முன்னாள் அரசனின் விதவையான மரியா கொம்னினாவை மணந்தவன். சிபில்லா கீயை வெறுக்கவும் இல்லை, அவனையே அரசனாக்க வேண்டும் என்றுதான் பிடிவாதம் பிடித்தாள். 1187 அக்டோபர் 2-ஆம் தேதி நகரம் சரணடைந்தபோது, ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புத்தொகை பேசப்பட்டது. கட்ட வழியில்லாத பல ஆயிரம் பேர் அடிமைகளாகப் போனார்கள். படம் அதைக் காட்டாமல் எல்லோரையும் பத்திரமாகக் கடலோரம் அனுப்பிவிடுகிறது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முற்றுகைச் சண்டைக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு 144 நிமிடமே போதும். மற்றவர்கள் ஒரு ஞாயிறு மதியத்தை ஒதுக்கி நீண்டதைப் பாருங்கள், இடைவேளை விட்டு மூன்று மணி நேரம் உட்காருவது நமக்குப் புதிதில்லை. ஓடவிடுவதற்கு முன்னால் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகக் காட்டினால் அதில் அந்தப் பையன் இருக்க மாட்டான்.