மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வருபவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்

கோத்தகிரியில் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறேன். எங்களைப் போல மலையில் சிறிய அளவில் தங்குமிடம் நடத்துபவர்கள் பலர், சீசனில் மின்னஞ்சலைக் கவனிக்க எங்கோ ஓர் ஊரில் இருந்து கணினியில் வேலை செய்யும் உதவியாளரை அமர்த்திக்கொள்கிறார்கள். நானும் அமர்த்தினேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கடிதங்கள் வரும். அறை காலியாக இருக்கிறதா, கோடநாடு காட்சிமுனை எத்தனை தூரம், நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி எந்தத் தேதியில், இ-பாஸ் எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். பகலெல்லாம் சமையலறையில் நின்றுவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் கண் சொக்கும். மழை பெய்தால் இணையமும் போய்விடும். காலையில் பதில் போடுவதற்குள் கேட்டவர் வேறு இடம் பார்த்திருப்பார்.

இந்த நிலையில்தான் வெளியூர் நிறுவனம் ஒன்று பேசியது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் எனக்கென்றே இருப்பாராம். கடிதங்களைப் பிரித்து வைப்பார், வழக்கமான கேள்விகளுக்கு அவரே பதில் எழுதுவார், முக்கியமானதை மட்டும் எனக்குத் தெரிவிப்பார் என்றார்கள். மாதம் 9,000 ரூபாய். மூன்று மாதத் தொகை 27,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன். கடவுச்சொல் கேட்டார்கள், கொடுத்தேன். என் கைபேசிக்கு வந்த ஓடிபியையும் வாசித்துச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. பதினொரு மணிக்குப் படுக்க முடிந்தது. அதன்பிறகு ஈரோட்டிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பத்தைக் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். ‘இ-பாஸ் தேவையில்லை’ என்று என் முகவரியிலிருந்து அவர்களுக்குப் பதில் போயிருக்கிறது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் வர முடியாது. இங்கே பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம் இது. நிறுவனத்தைக் கேட்டபோது, “புதிதாக வந்த பெண் தவறுதலாக எழுதிவிட்டார் மேடம்” என்றார்கள். எனக்கென்று ஒருவர் என்று சொன்னீர்களே, புதிதாக ஒருவர் எப்படி வந்தார் என்று அப்போதே பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, கும்பகோணத்திலிருந்து ஏழு பேர் வந்து இறங்கினார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். சின்னக் குழந்தை ஒன்று துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. நான்கு அறையிலும் ஆட்கள் இருந்தார்கள். “உங்கள் பெயரில் பதிவே இல்லையே” என்றேன். அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். “அம்மா, இது நீங்கள் அனுப்பிய கடிதம்தானே?”

என் முகவரியிலிருந்து போன கடிதம்தான். வீட்டின் பெயர், என் பெயர், நான் வழக்கமாக எழுதும் ‘கம்பளி உடை கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம்’ என்ற வரி எல்லாம் அப்படியே இருந்தன. கீழே இருந்த கைபேசி எண் என்னுடையது அல்ல. வங்கிக் கணக்கும் என்னுடையது அல்ல. அவர் 8,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். காகிதம் பனியில் நனைந்து என் கையிலேயே கிழிய ஆரம்பித்தது. “முதலில் பிள்ளைகளை உள்ளே கூட்டி வா, மற்றதைப் பிறகு பேசலாம்” என்று என் மாமியார் சொன்ன பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. எங்கள் படுக்கையறையையும் கூடத்தையும் அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தோம்.

அன்றிரவு கணினியைத் திறந்தேன். அனுப்பிய கடிதங்களில் அந்தக் கடிதம் இல்லை. என் மகள்தான் ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய் வடிகட்டிகள் பகுதியைக் காட்டினாள். நான் போடாத விதிகள் மூன்று அங்கே இருந்தன. அட்வான்ஸ், ரசீது, பணம் அனுப்பிவிட்டேன் ஆகிய சொற்கள் வரும் கடிதங்கள் இன்பாக்ஸுக்கு வராமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்திருந்தார்கள். குப்பையில் கிடப்பவை 30 நாளில் தாமாகவே அழிந்துவிடும். அழியாமல் இருந்தவற்றில், ஐந்து குடும்பங்கள் மொத்தம் 41,500 ரூபாய் அனுப்பியது தெரிந்தது. அவர்களில் ஓர் அம்மா மூன்று முறை எழுதியிருந்தார்: ‘பணம் வந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள், வயதான தாயாரை அழைத்து வருகிறோம்.’ அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறுவனத்தின் பதில் இரண்டே வரி. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். தனித்து வேலை செய்பவர்களின் செயலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். பார்த்தேன், இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

அந்த இரவே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசினோம். கடைசியாகப் பணம் அனுப்பியவரின் தொகையை மட்டும் வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. மற்றவை கை மாறிவிட்டன. அந்த நான்கு குடும்பங்களுக்கும் என் பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பெயரை நம்பித்தான் அவர்கள் அனுப்பினார்கள்.

உதவியாளர் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை நேர்மையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கடவுச்சொல்லைக் கையில் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஜிமெயிலில் இன்னொருவருக்கு அனுமதி தரும் வசதி இருக்கிறது. கணினியில் அமைப்புகளைத் திறந்து, கணக்குகள் பகுதியில் அவருடைய முகவரியைச் சேர்த்தால், அவர் தம் கடவுச்சொல்லைக் கொண்டே உங்கள் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதலாம். உங்கள் கடவுச்சொல்லை அவரால் மாற்ற முடியாது. கடிதத்தை அனுப்பியவர் அவர் என்று தெரியும்படியும் வைக்கலாம். விலக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரை எடுத்துவிட்டால் போதும். அப்போதும் அவரால் கடிதங்களை அழிக்க முடியும் என்பதால், வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி ஆகியவற்றோடு இணைந்த முகவரியைக் காட்டவே காட்டாதீர்கள். அறைப் பதிவுக்குத் தனி முகவரி தொடங்குங்கள். வாரம் ஒருமுறை வடிகட்டிகளையும் குப்பையையும் நீங்களே திறந்து பாருங்கள். கணக்கு எண்ணை நான் இப்போது கடிதத்தில் எழுதுவதே இல்லை. தொலைபேசியில் பேசித்தான் சொல்கிறேன்.

அழிந்துபோன கடிதங்களில் இன்னும் யாராவது இருக்கக்கூடும். இந்த ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீட்டு முகவரியிலிருந்து வந்த கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பி, நேரில் என்னிடம் பேசாதவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய தேதியையும் பரிவர்த்தனை எண்ணையும் எடுத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள். ஊட்டி சைபர் குற்றப்பிரிவில் கொடுத்திருக்கும் புகாரில் அவற்றையும் சேர்க்க வேண்டும்.