மகளின் தோலைப் பற்றிக் கேட்க வந்த ஆய்வு: ஒரு தாயின் மதிப்பீடு

மரபியல் ஆலோசனைத் துறையில் முதுகலை பயிலும் தமிழ் மாணவி ஒருவர், அரிய தோல் நோயுடன் வாழும் குடும்பங்களைக் குறித்துத் தம் பட்டத்துக்காக ஓர் ஆய்வு செய்துவருகிறார். இலங்கையின் தலவாக்கலைக்கு அருகே தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் நாங்களும் கடந்த மாசியில், தொலைபேசிக் காணொளி வழியாக அதில் பங்குபற்றினோம். இத்தகைய அழைப்பு வேறு பெற்றோருக்கும் வரக்கூடும் என்பதால், எங்களுக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு 9 வயது. பிறந்தபோது மெழுகுத்தாளால் சுற்றியதுபோல் உடல் முழுவதும் இறுகிய படலம் மூடியிருந்தது. அது உரிந்த பின் கபில நிறச் செதில்கள் தட்டுத்தட்டாகப் படிந்தன. வைத்தியர்கள் இதனை லமெல்லர் இக்தியோசிஸ் என்கிறார்கள். இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளில் ஒன்றில் மட்டுமே காணப்படுவது.

முதல் நாளிலேயே மாணவி, இது ஆய்வேயன்றிச் சிகிச்சையன்று, விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பவற்றை நிதானமாக விளக்கினார். அதன்பின் அவர் கேட்டது: "அக்கா, மகள் எழும்பியதிலிருந்து பாடசாலைக்குப் போகும் வரை ஒரு காலைப்பொழுதைச் சொல்லுங்கள்." கிளினிக்குகளில் இத்தனை ஆண்டுகளாக, கிரீம் ஒழுங்காகப் பூசுகிறீர்களா என்பதற்கு மேல் எவரும் கேட்டதில்லை. பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து சூடாக்குவதையும், ஊறிய செதில்களை மெல்லத் தேய்த்தெடுப்பதையும், ஈரம் காயும் முன் வெள்ளைப் பரஃபின் களிம்பு பூசுவதையும், எண்ணெய்க் கறை படிந்த சீருடைக்காக அவள் வகுப்பில் கேலிக்குள்ளாவதையும் நான் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் இடைமறிக்கவே இல்லை.

எங்கள் வீட்டுக்கு மிகுந்த பயன் தந்தது அதற்குப் பின் நடந்தது. மரபணுப் பரிசோதனை அறிக்கை ஒன்று நான்கு ஆண்டுகளாக எங்கள் இரும்புப் பெட்டியில் கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை எவரும் விளக்கியதில்லை. ஆய்வு வேறு, ஆலோசனை வேறு என்பதால், தம்மை மேற்பார்வை செய்யும் ஆலோசகரையும் அழைத்து, வேறொரு நாளில் மாணவி அதை விளக்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் வம்சப் படம் வரையப்பட்டது. என் கணவர் என் அத்தை மகன் ஆகையால் எங்களை இணைத்து இரட்டைக் கோடு விழுந்தது. டிஜிஎம்1 என்ற மரபணுவின் பழுதுற்ற பிரதி இருவரிடமும் இருந்திருக்கிறது. பழுதுற்ற பிரதி ஒன்றே ஒன்று இருந்தால் தோலில் எதுவும் தெரியாது; தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று இத்தனை காலமும் சொல்லிவந்த அத்தை, அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ என்கிட்டயும் இருந்திருக்குமா?" என்று கேட்டார். இருந்திருக்கலாம், ஆனால் அது எவருடைய குற்றமும் அன்று என்றார் ஆலோசகர். அன்றிலிருந்து அத்தை கிரகணத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

குறைகளும் உண்டு. ஒப்புதல் படிவத்திலுள்ள 'காவி' என்ற சொல் எங்கள் தோட்டத்தில் ஒரு நிறத்தையே குறிக்கும். 'நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்' என்றே எழுதியிருக்கலாம். பிள்ளைகளுக்கான வினாத்தாளோ தோல் நோயால் நீச்சலைத் தவிர்த்தாளா என்று கேட்கிறது. அது கடந்த ஒரு வாரத்தை மட்டுமே கணக்கெடுக்கிறது. எங்கள் மகளின் நோய் பருவத்தைப் பொறுத்தது: தை, மாசிப் பனியிலும் வறண்ட காற்றிலும் குதிகாலும் விரல் மடிப்பும் வெடித்து இரத்தம் கசியும், மழைக்காலத்தில் அவள் ஓடி விளையாடுவாள், வியர்வை சரியாக வெளிவராததால் கொழும்பின் வெயிலில் உடல் கொதித்துத் துவண்டுவிடுவாள். எங்களிடம் மாசியில் கேட்ட அதே கேள்விகளை ஐப்பசியிலும் கேட்டிருந்தால் முற்றிலும் வேறு விடை கிடைத்திருக்கும்.

மற்றொன்றும் கேட்கப்படவில்லை. பரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், விறகடுப்பு ஓர் எட்டில் இருக்கிறது. இதை நானே சொன்னபோது மாணவி உடனே குறித்துக்கொண்டு, இனி ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்பதாகச் சொன்னார். அந்தப் பணிவை நான் மதிக்கிறேன்.

என் மகனுக்கு நோயில்லை. அவன் அந்த மரபணுவைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புண்டு என்றாலும், வளர்ந்து அவனே விரும்பும்வரை பரிசோதிக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். என் பதற்றத்தை அது தணித்தது.

அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஒப்பமிடும் முன், ஆய்வின் முடிவுகளைத் தமிழில் தருவீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அதைக் கேட்கத் தவறிவிட்டோம்.